கத்தரிச் சத்தம்

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. சத்தம் புகாத ஓர் அறை, அதற்குள் ஒரு நாற்காலி, அதில் வந்து உட்காருகிறவருக்கு ஓர் எண். தலையில் ஹெட்போனை மாட்டி, இரண்டு காதிலும் இரண்டு பேரை ஒரே நேரத்தில் பேசவிடுவோம். “இடது காதில் பேசுகிறவர் சொல்வதை மட்டும் திருப்பிச் சொல்லுங்கள்” என்போம். சொல்லிவிடுவார்கள். “சரி, வலது காதில் என்ன பேசினார்கள்?” என்று பிறகு கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். இத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரலை மட்டும் மனிதன் எப்படிப் பிரித்தெடுக்கிறான், மற்றதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்பதுதான் ஆராய்ச்சி. ஆராய்ச்சி செய்கிறவர்கள் பேராசிரியர்கள். நான் ஹெட்போன் மாட்டிவிடுகிறவன். ஊரில் அம்மா என்னை விஞ்ஞானி என்று சொல்லிவைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படியே அடித்துவிட்டார்கள். மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

இங்கே நான் எழுதப்போகிறவரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஆய்வக விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். விதி ஒன்றுமில்லை, பயம்தான். அக்கா என்று சொல்கிறேன். அப்படித்தான் கூப்பிட்டேன்.

அப்போது திருக்காட்டுப்பள்ளியில் அக்காவின் மாவு மில்லுக்கு நேர் எதிரில் என் கடை. கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை. இயற்பியலில் இரண்டாம் வகுப்பில் தேறி, இரண்டு வருஷம் எல்லாப் பரீட்சையும் எழுதி, ஒன்றிலும் என்னை யாரும் கூப்பிடாததால் திறந்த கடை அது. கடையில் இரண்டு கேசட் போடும் ஒரு டபுள் டெக்கும் ஒரு ஈக்வலைசரும் இருந்தன. ஈக்வலைசரில் பத்து குமிழ்கள், மேலே சிவப்பும் பச்சையுமாகக் குதிக்கும் விளக்குகள். வாடிக்கையாளர் வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு குமிழை மேலே தள்ளுவேன், ஒன்றைக் கீழே இறக்குவேன். விளக்குதான் குதிக்கும், குமிழ்கள் எப்போதோ செத்தவை; பாட்டில் ஒரு மாற்றமும் இருக்காது. வந்தவர் மட்டும் “இப்ப சூப்பரா இருக்கு தம்பி” என்று தலையாட்டுவார். அந்தக் குமிழ்கள்தான் என் வாழ்க்கையின் முதல் பொய். சின்னப் பொய்.

மாவு மில்லில் எல்லாரும் கத்துவார்கள். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் “மணி என்ன?” என்று கேட்கக்கூடத் தொண்டை கிழியவேண்டும். அக்கா மட்டும் கத்தமாட்டார். மெஷினின் குரலுக்குக் கீழே போய், அடித்தொண்டையில், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூங்கவைப்பதுபோலப் பேசுவார். ஆச்சரியம் என்னவென்றால் அது கேட்கும். அதைவிட ஆச்சரியம், மற்றவர்கள் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும். வரிசையில் நிற்கும் பெண்கள் மெஷின் சத்தத்தை நாலு சுவர் என்று நம்பி உள்வீட்டு விஷயங்களைப் பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் இரண்டு பேர் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள், பெண்ணுக்குப் பல் கொஞ்சம் எடுப்பு என்று. அக்கா மிளகாய்த் தூளைச் சலித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

“பல்லுக்குக் கம்பி கட்டலாம். மாப்பிள்ளை சாயங்காலம் தள்ளாடுறதுக்கு எதைக் கட்டுறது?”

அன்றைக்கு அந்த இருவரும் மாவை வாங்காமலே போனார்கள். மறுநாள் சின்னப் பையனை அனுப்பி வாங்கிக்கொண்டார்கள்.

நானும் மாட்டியிருக்கிறேன். பரீட்சை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால் உதவும் என்று ஆங்கிலத்தில் பேசிப் பழகி, அதை நானே கேசட்டில் பதிந்து, அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து உளுந்து மாவு கொடுக்க வந்த அக்கா வாசலில் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, “நல்லாப் பேசுது தம்பி. ஆனா இது எந்த இடம்? பின்னாடி சீட்டு கலைக்கிற சத்தம் கேக்குது” என்றார். தஞ்சாவூரில் கோச்சிங் கிளாஸ் என்று சொல்லிவிட்டு நண்பன் வீட்டு மாடியில் நான் எதைப் படித்துக்கொண்டிருந்தேன் என்பது அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. உளுந்து மாவு இன்னும் கை மாறவில்லை, எனக்கு முதுகில் விழுந்தது.

ஆடி மாதத்தில், நான் பதிந்து கொடுத்த கேசட்டைப் போடும் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிக் குழாய் ஒரு பக்கம், அந்தோணியார் கோயில் திருவிழாக் குழாய் ஒரு பக்கம், நடுவில் ஏதாவது ஒரு கட்சிக் கூட்டம். ஊரே காதைப் பொத்திக்கொண்டிருக்கும். அக்கா மில் வாசலில் நின்று, “அம்மன் பாட்டு இழுக்குது. உன் டெக்ல மோட்டாரப் பாரு தம்பி. நேத்து பாடுனவளுக்கு இன்னிக்கு பத்து வயசு கூடிப்போச்சு” என்பார். போய்ப் பார்த்தால் பெல்ட் தளர்ந்திருக்கும்.

“எப்படிக்கா உங்களுக்கு மட்டும் கேக்குது?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அதுல என்னப்பா இருக்கு? மெஷின் மூச்சு வாங்காது. ஒரே மாதிரி கத்திக்கிட்டே இருக்கும். மனுஷ வாய் ஏறும், எறங்கும், நடுவுல மூச்சு வாங்கும். அந்த மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே போனா ஆள் கிடைச்சுருவான்.”

பல வருஷம் கழித்து எங்கள் பேராசிரியர் வெள்ளைப் பலகையில் கோடு கோடாகப் போட்டு இதையேதான் விளக்கினார். அவருக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். கொஞ்சம் குத்தகை நிலம், அதோடு இந்த மில். இரண்டும் சேர்ந்தும் போதாமல் ஒரு தை மாதம் வளைகுடாவுக்குப் போனார். தெருவில் முக்கால்வாசி வீடுகளில் அப்போது ஒருவராவது வெளியே போயிருந்தார் அல்லது போகப் பாஸ்போர்ட் எடுத்திருந்தார். மாமாவை அனுப்பிய ஏஜென்ட்டிடம்தான் என் பாஸ்போர்ட்டும் இருந்தது. ஆடியோ டெக்னீஷியன் வேலைக்கு விசா வரும் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு எழுத வராது, பேச வரும். மாதம் ஒரு கேசட் வரும். அக்கா அதை வீட்டில் போட்டுக் கேட்பார். பதில் பேசுவதற்கு என் கடைக்கு வருவார். எனக்கு வெட்கமாக இருக்கும், வெளியே போய் நின்றுகொள்வேன். முடித்துவிட்டு, “எடுத்துக்க தம்பி, பேசியாச்சு” என்பார். மெழுகுத் தாள் சுற்றி நான்தான் பார்சல் கட்டுவேன்.

அந்த வருஷம் மேட்டூர் அணையை நேரத்தில் திறக்கவில்லை. ஆற்றில் மணல்தான். குறுவைச் சாகுபடியே கிடையாது. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. புரட்டாசியில் ஒரு மத்தியானம் அக்கா மூன்று கேசட்டுகளோடு கடைக்கு வந்தார். மாவு ஒட்டிய கையைத் துடைக்கவில்லை.

“தம்பி, ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே.”

“சொல்லுங்கக்கா.”

“இது ஆடியில வந்தது. இது ஆவணி. இது இப்ப வந்தது. இவரு பேசுறதுக்குப் பின்னாடி ஒருத்தருக்கு முடி வெட்டுறாங்க.”

“வெள்ளிக்கிழமை லீவுல ரூம்ல ஒருத்தருக்கொருத்தர் வெட்டிக்குவாங்கக்கா. எல்லா ரூம்லயும் உண்டு.”

“அது தெரியும். ஆடி கேசட்ல எடது பக்கம் வெட்டுறாங்க. ஆவணி கேசட்ல அதே ஆளுக்கு வலது பக்கம் வெட்டுறாங்க.”

நான் சிரித்துவிட்டேன். சிரிக்காதே என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சிரிப்பு வரும்.

“பாதித் தலையோட ஒரு மாசம் இருந்திருப்பாருக்கா. அங்க கத்தரிக்குப் பஞ்சம் போலருக்கு.”

அக்காவும் சிரித்தார். அவருக்கு நல்ல சிரிப்பு உண்டு, தோள் குலுங்கும். குலுங்கி முடித்துவிட்டுச் சொன்னார்: “மூணாவது கேசட்ல அந்த ஆளு குளிக்கிறான். கழுத்துல முடி குத்துதுன்னு கத்திக்கிட்டே குளிக்கிறான்.”

“ரெண்டு மாசமா தண்ணி வரலியோ என்னமோ.”

“விளையாடாத தம்பி. மூணும் ஒரே நாள்ல பேசுனது. நான் இங்கேருந்து பேசி அனுப்புறதுக்கு ஒரு பதிலும் வரல. ஆத்துல தண்ணி இல்லன்னு அழுது பேசியிருக்கேன். இவரு ‘குறுவை கதிர் வாங்கியிருக்கும், அறுப்புக்கு ஆள் சொல்லிட்டியா’ன்னு கேக்குறாரு. முன்கூட்டியே பேசி வச்சிட்டு எங்கியோ போயிருக்காரு. எங்க போனாரு, என்ன ஆனாருன்னு தெரியல. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு வாங்குறாங்களாம். குடுக்கலாமான்னு பாக்குறேன். என் காதை மட்டும் வச்சுக்கிட்டு, முடி வெட்டுற சத்தம் கேட்டுச்சுய்யான்னு அங்க போய் நின்னா சிரிப்பாங்க. உன் மெஷின்ல போட்டுப் பாத்துச் சொல்லு. மெஷின் ஆமான்னா போயிடுறேன்.”

கேசட்டுகளை வைத்துவிட்டுப் போனார். டப்பாவின் மேல் மாவுக் கைரேகை.

ஆடிக் கேசட்டை ஒரு டெக்கிலும் ஆவணிக் கேசட்டை இன்னொன்றிலும் போட்டு ஹெட்போனை மாட்டினேன். முதலில் மாமாவின் குரல் மட்டும்தான் கேட்டது. முன்னால் நின்று பேசுகிற குரலைத் தாண்டி என் காது போகவில்லை. நாலைந்து தடவை திருப்பித் திருப்பிப் போட்டேன். அக்கா சொன்னபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாமா மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் காதை நுழைத்தேன். கிடைத்தது. கத்தரி. சீப்பில் தட்டும் சத்தம். முதல் கேசட்டின் கடைசியில் ஒருவர், “எடது போதும்டா, காதைக் கடிச்சுராத, இந்தப் பக்கம் வா” என்கிறார். இரண்டாவது கேசட்டின் ஆரம்பத்தில் அதே குரல், “இங்க கொஞ்சம் கொறச்சு” என்கிறது. மூன்றாவதில் வாளிச் சத்தம். மூன்று மாதம் என்று நாங்கள் நினைத்தது ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல்.

உடனே எதிர்ப்பக்கம் ஓடியிருக்க வேண்டும். பதினெட்டு அடி தூரம். நான் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன், ஏஜென்ட்டைக் கேட்டுவிட்டு வந்து சொல்லலாம் என்று. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏஜென்ட் சாந்தமான மனிதர். மாடி அறையில் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

“ஸ்பான்சர், அதான் விசா குடுத்த முதலாளி, அவரைப் பாலைவனத்துக்குள்ள தோட்ட வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான் தம்பி. அங்க தபால் கிடையாது. ஆறு மாசம். வந்துருவாரு. இப்ப அந்தம்மா மனு கினுன்னு கிளம்புனா, என் ஆபீஸைத்தான் முதல்ல நோண்டுவானுங்க. இங்க இருக்கற அத்தனை பேப்பரும் அப்படியே நின்னுரும்.” என் முகத்தைப் பார்த்தார். “உன்னுதும் உள்ளதான் இருக்கு. இருபது நாள்ல விசா ஸ்டாம்பிங். நீ படிச்ச புள்ள, உனக்கே தெரியும்.”

படித்த பிள்ளைக்குத் தெரிந்தது.

மறுநாள் அக்கா மில்லை நிறுத்திவிட்டு வந்தார். நான் ஈக்வலைசரைப் போட்டேன். விளக்குகள் குதித்தன. கண்ணைச் சுருக்கி, இரண்டு குமிழை மேலே தள்ளி, ஒன்றைக் கீழே இறக்கினேன். மருத்துவர் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒரு கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

“வேற வேற நாள்தான்க்கா. ரூம் ஒண்ணுங்கறதால சத்தம் ஒரே மாதிரி இருக்கு. முடி வெட்டுறது மாசா மாசம் நடக்குறதுதானே.”

அக்கா கொஞ்ச நேரம் விளக்குகளைப் பார்த்தார்.

“மெஷின் அப்படியா சொல்லுது?”

“ஆமாக்கா.”

“அப்ப சரி. எனக்குத்தான் மில்லுச் சத்தத்துல காது கெட்டுப்போச்சு போலருக்கு.” முகம் சட்டென்று இளகிவிட்டது. சாயங்காலம் ஒரு டப்பா சத்துமாவு கொண்டுவந்து கொடுத்தார், வறுத்து அரைத்தது, ஏலக்காய் போட்டது. நான் அதைச் சாப்பிடாமல் இருந்திருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து எழுதியிருப்பேன். பத்து நாளில் காலி செய்தேன். நன்றாக இருந்தது.

ஐப்பசியில் விசா வந்தது. என்னை வழியனுப்ப அக்காவும் பஸ் வரைக்கும் வந்தார். ஆடியோ டெக்னீஷியன் என்பது ஒரு பெரிய ஓட்டலில் ஸ்பீக்கர் பெட்டிகளைத் தோளில் தூக்கிப் போகும் வேலை. அங்கே இருந்தபோது அம்மாவின் கடிதங்களில் மிச்சம் தெரிந்தது. மாமா அந்த ஒரே வெள்ளிக்கிழமையில் ஆறு கேசட் பேசி, முடி வெட்டிக்கொண்ட ஆளிடமே கொடுத்து, மாதம் ஒன்றாகப் போடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்கா பயப்படக்கூடாது என்று. போன இடத்தில் சம்பளமும் இல்லை, பாஸ்போர்ட்டும் கையில் இல்லை. அவரும் பூதலூர்க்காரர் ஒருவரும் அங்கிருந்து ஓடி, வழியில் பிடிபட்டு, சிறையில் வைக்கப்பட்டார்கள். பூதலூர்க்காரரின் மனைவிக்குக் கேசட் எதுவும் வரவில்லை. கடிதம் நின்றதும் பயந்துபோய் அந்தப் புரட்டாசியிலேயே மனுக் கொடுத்தார். அவர் புருஷன் பொங்கலுக்கு வீட்டில் இருந்தார். அக்காவுக்கு மார்கழி வரை கேசட் வந்துகொண்டிருந்தது. அது நின்ற பிறகுதான் மனு. மாமா வீடு திரும்ப மறு வருஷம் ஆடி ஆனது.

அந்தப் பொங்கலுக்கும் ஆடிக்கும் இடையிலுள்ள மாதங்களை நான் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். எப்போதும் ஒரு கை போதவில்லை.

லீவில் ஊருக்கு வந்தபோதெல்லாம் பின் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். அம்மாவிடம், பஸ்ஸிலிருந்து இறங்கினால் அதுதான் குறுக்கு வழி என்று சொல்லிவைத்தேன். அது சுற்று வழி. மாமாவுக்கு அம்மா மூலம் ஒரு சென்ட் பாட்டிலும் டார்ச் லைட்டும் கொடுத்தனுப்பினேன். மனசாட்சிக்கு சென்ட் அடித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வளைகுடாவிலிருந்து சிங்கப்பூர், அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அதிலிருந்து இந்த ஆய்வகம். பன்னிரண்டு வருஷம் போனது. அப்போது பேராசிரியருக்குத் தமிழ் இரைச்சல் தேவைப்பட்டது. ஒரு தமிழ்க் குரலுக்குப் பின்னால் ஓடவிட, பல பேர் சேர்ந்து பேசும் அசல் கூச்சல். “உன் ஊரில் நல்ல சத்தமான இடம் எது?” என்று கேட்டார். நான் யோசிக்காமல் “மாவு மில்” என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

மைக்கும் ஹெட்போனுமாக ஒரு நாள் பத்து மணி வெயிலில் மில் வாசலில் போய் நின்றேன். அக்காவுக்கு முன்னுச்சி நரைத்திருந்தது. மெஷின் புதிது. என்னைப் பார்த்ததும் அதே அடித்தொண்டையில், “வா விஞ்ஞானி” என்றார்.

பதிவு முடிந்தது. போயிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. “அக்கா, ஒரு விளையாட்டு” என்று ஆய்வகத்தின் தமிழ்ச் சோதனையை அவருக்குப் போட்டேன். ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்திலேயே, சேலைத் தலைப்புக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். இடது காது சொன்னதைச் சொன்னார். வலது காது சொன்னதைச் சொன்னார். பிறகு, “இந்த ரெண்டாவது ஆளுக்கு சளி பிடிச்சிருக்கு. பேசும்போது பின்னாடி யாரோ நாற்காலிய இழுக்குறாங்க” என்றார். சத்தம் புகாத அறையில் அந்த நாற்காலியை இழுத்தது நான்தான். அதை இத்தனை வருஷத்தில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

“அக்கா, சிங்கப்பூர்ல இப்படி ஒரு காது கிடையாது” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி, அதில் ஒட்டிய மாவை முந்தானையால் துடைத்தார்.

“இவ்வளவு நல்ல காதை வச்சுக்கிட்டு அன்னிக்கு மெஷினைப் போய் நம்புனேனே தம்பி. என் தப்புதான். அன்னிக்கே மனு குடுத்திருந்தா அவரு பொங்கலுக்கு வந்திருப்பாரு. இவ்வளவு நாள் ஆச்சு, இன்னும் கதவைச் சாத்துனா அவருக்கு ஆகாது. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு கதவு தொறந்திருக்கான்னு பாப்பாரு. நான் செஞ்சதுதானே. ஜெபம் பண்ணும்போதுகூட மாதாகிட்ட அதைத்தான் முதல்ல சொல்றது.” பிறகு எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு! “நீ மனசுல வச்சுக்காத. மெஷினுக்கு என்ன தெரியும், பாவம்.”

நான் செய்த குற்றத்தைப் பன்னிரண்டு வருஷமாக அவர் தன்னுடையது என்று தினமும் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அவர் என்மேல் கோபமாக இருப்பார் என்றுதான் நான் பின் தெருவில் ஒளிந்தேன். கோபமாக இருந்திருந்தால் தேவலை.

“மெஷின் சரியாத்தான் சொல்லுச்சுக்கா” என்றேன். கத்திச் சொல்லத் தைரியம் இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்கும் என்று தெரியும். “எனக்கும் கேட்டுச்சு. எடது பக்கம், வலது பக்கம், குளிச்சது, எல்லாம். ஒரே நாள்னு அன்னிக்கே தெரியும். என் விசா அந்த ஏஜென்ட்கிட்ட இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்.”

அக்காவின் கை மாவு விழும் பைக்கு அடியில் இருந்தது. மாவு விரல் மேல் விழுந்துகொண்டே இருந்தது. சூடாக இருந்திருக்கும். எடுக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு அம்மா, “பை நெறைஞ்சிருச்சு, பை நெறைஞ்சிருச்சு” என்று கத்தினார்.

அக்கா பையைக் கட்டி அந்த அம்மாவிடம் கொடுத்தார். அடுத்த தூக்கிலிருந்து கோதுமையைக் கொட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல், “அவரு உள்ள இருக்காரு. போய்ச் சொல்லு” என்றார்.

மில்லை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போனேன். மாமா ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முன்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“வாப்பா, வா. இவ சொல்லிக்கிட்டே இருப்பா. அன்னிக்கு நீதான் மெஷின்ல பாத்து தைரியம் சொன்னியாமே. அந்த மூணு மாசமாச்சும் இவ நிம்மதியாத் தூங்குனா. உள்ள கிடந்தப்ப எனக்கு ஒரே வேண்டுதல் அதான். உன்னை எப்ப பாத்தாலும் கும்பிடணும்னு இருந்தேன்.”

நான் அவர் உடம்பை விசாரித்தேன். சிங்கப்பூரில் மழை எப்படி என்று சொன்னேன். அவர் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த முறுக்கில் இரண்டைச் சாப்பிட்டேன். விமான டிக்கெட் எப்படிப் போடுவது என்று விளக்கினேன். “வரேன் மாமா” என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். இவ்வளவையும் செய்ய ஏழெட்டு நிமிஷம்தான் ஆனது. கோழைத்தனத்தில் எனக்கு நல்ல வேகம்.

அக்கா சுவரில் இருந்த சுவிட்சைக் கீழே தள்ளினார். பெல்ட் தயங்கித் தயங்கி நின்றது. சத்தம் இறங்கி, இறங்கி, இல்லாமல் போனது. வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்னம்மா, கரண்டு போயிடுச்சா?”

“கரண்டெல்லாம் இருக்கு. செத்த இருங்க.”

பிறகு என்னிடம், கோபம் இல்லாமல், குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“திரும்பிப் போ தம்பி.”

தெருவில் ஒரு சைக்கிள் போனது. சங்கிலிக்கு எண்ணெய் இல்லை. என் செருப்பு சிமெண்டில் தேய்வது எனக்கே கேட்டது. உள்ளே மாமா முறுக்கு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

“எதையாச்சும் மறந்து வச்சிட்டியா?” என்றார்.

“ஆமா மாமா” என்றேன். அவர் நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை.

“மாமா, அந்த கேசட்டெல்லாம் நீங்க ஒரே நாள்ல பேசுனதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.”